கேட்டிலிருந்து கார் ஷெட் வரை

என் சொந்த வீட்டு வாசலில் என் சொந்தக் காரைச் சேறு பிடித்துவைத்துக்கொண்ட அன்றுதான் அந்தச் சபதத்தை எடுத்தேன்.

விடிய விடிய மழை. காலையில் ஆபீசுக்குக் கிளம்பி ரிவர்ஸ் எடுத்தேன். ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் சக்கரம் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். கார் அசையவில்லை. சேறுதான் கிளம்பிப் போய் வீட்டுக் கதவைத் தட்டியது.

கதவைத் திறந்த என் மனைவி சேற்றையும் என்னையும் பார்த்தாள். கால்மிதியை எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் செருகினாள். “கொஞ்சம் இறங்குங்க” என்றாள். இறங்கினேன். அவள் ஏறினாள். கார் நல்ல பிள்ளையாகத் தெருவுக்கு வந்து நின்றது.

எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு, “வண்டிக்கும் தெரிஞ்சிருக்கு சார், யார் பேச்சைக் கேக்கணும்னு” என்றார்.

அன்று மாலை நான் அறிவித்தேன். “வாசலுக்குத் தளம் போடப்போறேன். கேட்டுல இருந்து ஷெட்டு வரைக்கும். இந்த வேலையில எல்லா முடிவும் என்னோடது. நீ தலையிடக் கூடாது.”

எங்கள் வீட்டில் திரைச்சீலையின் நிறத்திலிருந்து என் தலைமுடியின் நீளம் வரை எல்லாம் அவள் இலாகா. என் அபிப்பிராயத்தையும் கேட்பாள், இல்லையென்று சொல்லமாட்டேன். பொருள் வீட்டுக்கு வந்து, பிரித்து, மாட்டிய பிறகு கேட்பாள். ஆகவே ஒரு பெரிய போருக்குத் தயாராக நின்றேன்.

“சரிங்க” என்றாள்.

பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் மோதிய கதவு திறந்தே இருந்தால் எப்படி விழுவோமோ, அப்படி விழுந்தேன்.

“சரியா? நிஜமாவா?”

“உங்க முடிவுதான். ஆனா தெருமுனையில போர்டு மாட்டியிருக்காரே ஒரு கான்ட்ராக்டர், அவர் மட்டும் வேண்டாங்க. எனக்கென்னமோ பிடிக்கலை.”

மறுநாள் காலை தெருமுனைக் கான்ட்ராக்டர் எங்கள் வாசலில் நின்றார். நான் யார் என்று காட்ட வேண்டாமா?

கழுத்தில் அளவு டேப், காதில் பென்சில், வாயில் “செஞ்சிடலாம் சார்”. இவ்வளவுதான் அவர். எதைச் சொன்னாலும் செஞ்சிடலாம் என்றார். மழை மறுபடி வந்தால் என்ன செய்வது என்றேன். அதற்கும் அதையே சொன்னார்.

“முதல்ல மட்டம் பார்க்கணும் சார்” என்றார்.

“எங்க வீட்டுல என்னை எப்பவும் அப்படித்தான் பார்க்கிறாங்க. ஆரம்பிங்க.”

“தண்ணி ஓடறதுக்கு வாட்டம் எந்தப் பக்கம் வைக்கலாம்?”

“தெருப் பக்கம். வாட்டம் என் முகத்துல இருந்த காலம் போச்சு!”

அவர் சிரிக்கவில்லை. டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்.

மண்ணை வெட்டி, ஜல்லி கொட்டி, தட்டுகிற மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது தட்டிய தட்டில் தெருவில் இருந்த அத்தனை ஜன்னல்களும் பல்லைக் கடித்தன. வேலை நடக்க நடக்க, என் மனைவி ஜன்னலில் நின்று இடையிடையே ஒரு வார்த்தை சொல்வாள். நான் அதற்கு நேர் எதிராக ஆணையிடுவேன்.

“காங்கிரீட்டாவே கொட்டிடுங்களேன். ஒரே வேலையா முடிஞ்சிடும்.”

“கல்லு பதிங்க!” என்றேன் கான்ட்ராக்டரிடம். “நாளைக்கு அடியில பைப்பு உடைஞ்சா கல்லைப் பெயர்த்துப் பார்க்கலாம். காங்கிரீட்டை என்ன, பல்லால கடிச்சா எடுக்கிறது?”

“கல்லுன்னா சிவப்பு எடுங்க. பளிச்சுன்னு இருக்கும்.”

“சாம்பல் நிறம்!”

“சுவர் ஓரம் வரைக்கும் மூடிடுங்க. ஒரு பொட்டு மண்ணு தெரியக் கூடாது.”

“ரெண்டு பக்கமும் சுவரை ஒட்டி மண்ணை விட்டுடுங்க. நல்லா அகலமா!”

ஒவ்வொரு முறையும் அவள் பெருமூச்சு விட்டு, “உங்க இஷ்டம்” என்று உள்ளே போவாள். கல்யாணமான நாளிலிருந்து நான் இத்தனை முறை தொடர்ந்து ஜெயித்ததில்லை. கண்ணாடி முன் நின்று மீசையைத் தடவிப் பார்த்தேன். மீசை எனக்கு இல்லை. இருந்தாலும் தடவினேன்.

இந்த வெற்றி வெள்ளத்தில்தான் என் ரகசியத் திட்டத்துக்கு உயிர் வந்தது. வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் மண்தரை சும்மா கிடக்கிறது. அதற்கும் கல் பதித்து, ஒரு மேஜையும் நான்கு நாற்காலியும் போட்டுவிட்டால் எங்கள் சீட்டாட்டத்துக்கு நிரந்தர இடம் ஆகிவிடும். இதுவரை எதிர்வீட்டில்தான் ஆடிக்கொண்டிருந்தோம். போன மாதம் அந்த வீட்டம்மா சீட்டுக்கட்டை ஜன்னல் வழியாக வெளியே பறக்கவிட்டதிலிருந்து நாங்கள் அகதிகள்.

கான்ட்ராக்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “கடைசியில பின்பக்கமும் போட்டுடுங்க. உள்ளே தெரிய வேண்டாம்” என்று கிசுகிசுத்தேன்.

“செஞ்சிடலாம் சார்.”

அன்று சாப்பிடும்போது என் மனைவியே அந்தப் பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, கல்லு மிச்சமாகும் போலிருக்கே. அதுக்காகப் பின்பக்கமெல்லாம் போடவேண்டாம். ஷெட்டோட நிறுத்திக்குங்க.”

வாய்க்குள் இருந்த சோறு இனித்தது. அவள் வேண்டாம் என்றால் நான் செய்வேன். அதுதானே இந்த வேலையின் சட்டம்! எதிர்வீட்டுக்காரருக்கு ஜன்னல் வழியாகச் செய்தி சொன்னேன். அவர் புதுச் சீட்டுக்கட்டே வாங்கிவிட்டார்.

மறுநாள் டீ நேரம். கான்ட்ராக்டர் பதித்த கல்லின் மேலேயே உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“நல்லா வந்திருக்கு சார். அக்கா சொன்ன மாதிரியே.”

“எந்த அக்கா?”

“வீட்டுல அக்காதான். மழைக்கு முன்னாடியே கடைக்கு வந்து சொல்லிட்டாங்களே! கல்லுதான், சாம்பல் கலர்தான், சுவரோரம் செடி வைக்க மண்ணு விடணும்னு. ‘சாரே வந்து உங்களைக் கூப்பிடுவாரு, அவரே எல்லாம் சொல்லுவாரு’ன்னாங்க.” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயையோ, இதை நான் சொல்லியிருக்கக் கூடாது!”

எனக்குத் தலை சுற்றியது. தளம் சுற்றவில்லை, நன்றாகப் பதித்திருந்தார்.

ஆக, நான் போட்ட ஆணையெல்லாம் அவள் போட்ட ஆணை. வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். வேண்டும் என்றால் வேண்டாம். இத்தனை நாளும் நான் கயிறு கட்டிய பொம்மையாக ஆடியிருக்கிறேன். அதிலும் மீசையைத் தடவிக்கொண்டு!

டீ ஆறும் வரை யோசித்தேன். அப்போதுதான் மின்னல் அடித்தது. ‘பின்பக்கம் போடவேண்டாம்’ என்றாளே! அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவளுக்குப் பின்பக்கம் கல் பதிக்க வேண்டும்! துணி காயப்போடவோ, சேறு படாமல் நடக்கவோ, ஏதோ ஒன்று. என் கையாலேயே அதையும் செய்துகொள்ளப் பார்க்கிறாள்!

நெஞ்சுக்குள் பெரிய போராட்டம். ஒரு பக்கம் மேஜை, நாலு நாற்காலி, புதுச் சீட்டுக்கட்டு. இன்னொரு பக்கம் மானம். சீட்டாட்டம் எங்கேயாவது ஆடிக்கொள்ளலாம். மானம் போனால் வருமா?

மானத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

“பின்பக்கம் வேண்டாம்” என்றேன் கான்ட்ராக்டரிடம். “மிச்சக் கல்லை நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஒரு கல்லுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது.”

“செஞ்சிடலாம் சார்.”

எதிர்வீட்டுக்காரர் செய்தி கேட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிட்டார். “யோவ், அந்தம்மாவை ஜெயிக்கிறதுக்காக எங்களைக் கவுத்துட்டீரே!” என்றார். லட்சியப் பாதையில் நண்பர்களை இழக்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் என் மனைவியிடம் கம்பீரமாகச் சொன்னேன். “நீ சொன்னபடியே ஷெட்டோட நிறுத்திட்டேன். பின்பக்கம் மண்ணாவேதான் இருக்கும். சந்தோஷமா?”

அவள் “அப்படியா?” என்று மட்டும் சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. வென்றவனுக்குத் தோற்றவர் மேல் வருகிற பாவம் அது. எனக்குப் பழக்கமே இல்லாத உணர்ச்சி.

வேலை முடிந்தது. கேட்டிலிருந்து ஷெட் வரை சாம்பல் நிறத்தில் வாசல் அமைதியாகப் படுத்திருந்தது. காரை உள்ளே விட்டேன், வெளியே எடுத்தேன், மறுபடி உள்ளே விட்டேன். சக்கரத்தில் ஒரு துளி சேறில்லை. கணக்குத் தீர்க்கக் கான்ட்ராக்டரைத் தேடினேன். வாசலில் இல்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். மூலை திரும்புவதற்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்பக்கத்து மண் முழுவதும் பாத்தி பாத்தியாகக் கொத்தியிருந்தது. சுவரோரம் வரிசையாகத் தக்காளி நாற்று. என் மனைவி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, அந்தப் புதுச் சீட்டுக்கட்டின் காலி டப்பாவிலிருந்து விதைகளைக் கையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“எதிர்வீட்டு அக்கா கொடுத்தாங்க” என்று அவள் கான்ட்ராக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “நாலு பேரும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தா எனக்கு இந்த இடம் ஜென்மத்துக்கும் கிடைச்சிருக்காது. வேண்டாம்னாலும் போடுவார், வேணும்னாலும் போடுவார். வேற வழி தெரியலை.”

கான்ட்ராக்டர் பணிவாகத் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

“நீங்க சொன்னபடியே டீ குடிக்கும்போது சார்கிட்ட வாய் தவறி உளறிட்டேன் அக்கா. அவ்வளவு உளறினது போதுமா, இல்லே இன்னும் கொஞ்சம் உளறியிருக்கணுமா?”