சீமைத்தக்காளி வைத்தியம்

வீட்டுச் சேவலைக் குழம்பில் பார்க்காமல் விடுவதில்லை என்று உசிலம்பட்டி விருமாண்டி முடிவு கட்டிவிட்டார். சேவலோ பெண்டாட்டி சோலையம்மாளின் செல்லம். கேட்டால் தர மாட்டாள். ஆகவே படுத்துவிட்டார்.

“ஏ புள்ள, தலை கிறுகிறுங்குது. மேலுல ரத்தமே இல்ல. கோழிச்சாறு குடிச்சாத்தான் பொழைப்பேன்.”

காலையில் ஆறு உருண்டை கேப்பைக்களி முழுங்கின மனுசன் பேசுகிற பேச்சு இது! சோலையம்மாள் அவர் வயிற்றைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள். மதுரைக்கு மோட்டார் ஏறினாள். சாயங்காலம் கூடை நிறையச் சிவப்புப் பழத்தோடு வந்து இறங்கினாள்.

“என்னடி இது?”

“சீமைத்தக்காளி மாமா. ஆசுபத்திரிக் கம்பவுண்டர் கிறிஸ்துராஜ் அண்ணே சொல்லுச்சு. ரத்தத்துக்கு நல்லதாம், கண்ணுக்கு நல்லதாம், ஈறு உறுதியாகுமாம், வயிறும் எளகுமாம்.”

“வெள்ளக்காரன் திங்கிறத நான் திங்கவா?”

“அவன் எம்புட்டுச் செவப்பா இருக்கான்! ரத்தம் இல்லாமயா?”

விருமாண்டி ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். மறுநாளிலிருந்து இதே வைத்தியம்: காலையில் பச்சையாக நாலு பழம், மதியம் ரசம், ராத்திரி கடைசல். பத்தாம் நாள் விருமாண்டிக்கே திகிலாகிவிட்டது. பல் விளக்கும்போது கசிகிற ரத்தத்தைக் காணோம். வருசக் கணக்காக வேலிப்பக்கம் போய் முக்கிக்கொண்டு கிடந்தவர், போன கையோடு பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினார். இனிப் படுத்தும் பிரயோசனமில்லை.

“கொணமாயிருச்சு புள்ள.”

“நெசமாவா!” சோலையம்மாள் ஓடிப்போய்ச் சேவலைப் பிடித்தாள். “உங்களுக்குக் கொணமானா இவனைக் கருப்பசாமிக்குக் குடுக்கிறதா நேந்திருந்தேன் மாமா!”

விருமாண்டிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சாமி பெரிய சாமிதான்!

வெள்ளிக்கிழமை கோயிலில் குழம்பு கொதித்தது. மச்சினன் பேயாண்டி இலையில் தொடைக்கறி விழுந்தது. விருமாண்டி சம்மணம் போட்டு இலையை இழுத்துக்கொண்டார். பூசாரி முத்திருளன் வந்து அவர் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

“இது எதுக்குப்பா?”

“காப்பு மாமா,” என்றாள் சோலையம்மாள். “யாருக்கு நேந்தமோ அவுக ஒரு மண்டலம் கவுச்சி தொடக் கூடாதுல்ல? நம்ம கருப்பன் மொறை உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். கறி ஆசையில் மறந்திருந்தார். ஊரில் எத்தனை பேரை இலையை விட்டு அவரே அதட்டி எழுப்பியிருக்கிறார்!

“சோத்துல குழி பறிங்க மாமா, தக்காளி ரசம் ஊத்துறேன்.”

விருமாண்டி பறித்தார். கொஞ்சம் பெரிய குழியாகவே பறித்தார்.