சால்னாக் கவருக்கு எட்டணா

தான் விற்கிற சரக்கை யாரும் வாங்கிவிடக் கூடாது என்று தினமும் சாமி கும்பிட்டுவிட்டுக் கடை திறந்த வியாபாரி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எட்டணா அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவரே திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் நான் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. குடியிருந்தது ஒரு மாடி அறை, அதற்கு நேர் கீழே அண்ணாச்சியின் புரோட்டாக் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல் காய ஆரம்பித்தால் என் மனசு ஆபீஸ் லெட்ஜரில் நிற்காது. அந்தச் சால்னாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் அதோடு முடிந்துபோகும். சுந்தரபாண்டியத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து வாங்கிப் போன ஆட்கள் உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பார்சல் என்றால் புரோட்டா வாழை இலையில், சால்னா பாலிதீன் கவரில். சூடாக ஊற்றி, வாயைத் திருகி, மில்லில் கழித்துப் போட்ட பச்சை நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுப்பார் அண்ணாச்சி. வீட்டில் போய் முனையைப் பல்லால் கடித்து ஊற்றிக்கொண்டு, கவரைத் தெருவோரச் சாக்கடையில், எங்கள் ஊர்ப் பேச்சில் வாறுகாலில், எறிந்துவிடுவார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து குறி பார்த்து எறிவேன். அது எங்கே போகிறது என்று நானும் யோசித்ததில்லை, மற்றவர்களும் யோசித்ததில்லை.

எங்கே போனது என்பது ஓர் ஐப்பசி மாதத்தில் தெரிந்தது. மூன்று நாள் அடைமழை. தெருவிலேயே பள்ளமான இடம் அண்ணாச்சியின் கடை. வாறுகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே ஏறியது. மைதா மூட்டை கஞ்சியாகிவிட்டது. அடுப்பு முங்கிப்போனது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கடைத் தரை முழுக்கக் கவர். ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை நூல். அண்ணாச்சி ஒன்றைக் கையில் எடுத்து, தான் போட்ட முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, நான் குடுத்ததெல்லாம் எனக்கே திரும்பி வந்துருச்சு. ஒண்ணுகூட வழி தப்பல, பாத்தீங்களா."

அவர் சம்சாரத்தைத் தெருவே மதினி என்றுதான் கூப்பிடும். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றை வழித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இங்க பாருங்க. அடுத்த ஐப்பசிக்கும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா இந்தக் கல்லை வித்துப்புட்டுத் தளவாய்புரம் போயிருவோம். எங்கண்ணன் தையக்கடையில பட்டன் தைக்க ஆளு கேட்டுக்கிட்டே இருக்கான்."

அண்ணாச்சிக்கு மச்சினனைக் கண்டால் ஆகாது. மைதாவை அடித்து வீசிப் பழகிய கை, மச்சினன் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்றால் அந்த மனிதர் உயிரோடு இருப்பதே சந்தேகம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறிக்கோள்தான். அடுத்த ஐப்பசிக்குள் வாறுகாலில் கவர் விழக் கூடாது.

அடுத்த வாரம் கடையில் போர்டு தொங்கியது. 'சால்னா கவர் எட்டணா. தூக்குச்சட்டி கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூடுதல்.'

தெரு கொந்தளித்தது. முதல் ஆளாகச் சண்டைக்கு வந்தவர் எங்கள் மில் ஸ்டோர் கீப்பர். நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவர், இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் தெருவில் இறங்காதவர்.

"கவருக்குக் காசா? நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் கேப்பீரோ?"

"என் கடைக்குள்ள வந்து விட்டீருன்னா கேப்பேன்" என்றார் அண்ணாச்சி, மாவைப் பிசைந்துகொண்டே.

ஸ்டோர் கீப்பர் ஒரு முழு ரூபாயைக் கல்லாப் பலகையில் ணங்கென்று போட்டார். "ரெண்டு கவர் போடும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

அங்கேதான் அண்ணாச்சியின் திட்டம் கவிழ்ந்தது. எட்டணாவுக்குப் பயந்து ஜனங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அவர் நினைத்தார். எட்டணாவைக் கொடுப்பது கௌரவமாகிவிட்டது. சட்டி கொண்டுவருகிறவன் கஞ்சன், கவர் வாங்குகிறவன் வசதியானவன், இரண்டு கவர் வாங்குகிறவன் பெரிய மனுஷன். "பொண்ணு பாக்க வாற நேரம், சட்டியத் தூக்கிட்டுக் கடைக்குப் போயி மானத்த வாங்காதீக" என்று ஒரு வீட்டில் மகள் அப்பாவைத் திட்டியது என் காதிலேயே விழுந்தது. முன்பைவிட அதிகமாகக் கவர் போனது.

"அம்புட்டுப் பயலும் பணக்காரனாயிட்டான் தம்பி" என்று அண்ணாச்சி நொந்துகொண்டார். "பேசாம ஒரு ரூவாயாக்கிருவமா?"

"ஆக்குனீங்கன்னா கவரைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சுக்குவாங்க அண்ணாச்சி."

எட்டணா எட்டணாவாகச் சேர்ந்ததை வைத்து அண்ணாச்சி அடுத்த யுக்தியில் இறங்கினார். எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கி வரிசையாக அடுக்கினார். பத்து ரூபாய் முன்பணம் கட்டி, சட்டியில் சால்னா வாங்கிப் போகலாம். மறுநாள் சட்டியைக் கொண்டுவந்தால் பத்து ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு அருமையாக இருந்தது. ஆனால் பஜாரில் பத்து ரூபாய்க்கு அந்தச் சட்டியின் மூடிகூடக் கிடைக்காது என்பதைத் தெருப் பெண்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்கள். புரோட்டாவே சாப்பிடாத விரத வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. இரண்டே நாளில் சட்டி தீர்ந்தது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"நல்லாத்தான் பாத்திரக்கடை நடத்துதீக" என்றார் மதினி. தளவாய்புரத்துக்கு ஒரு கார்டும் எழுதிப் போட்டார்.

வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் கையைத் தூக்கியிருப்பார். அண்ணாச்சி இரண்டாவது தடவையும் சட்டி வாங்கினார். ஆனால் இந்தத் தடவை கடைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோனார். எங்கள் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் ஊர்ப் பொது. பேர் வெட்டிவிட்டால் பேரன் காலம் வரைக்கும் அந்த வீட்டுச் சொத்து. பக்கவாட்டில் வெட்டினால் கடைக்கு அசிங்கம் என்று மதினி சொல்லிவிட்டதால், சட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் வெட்டச் சொன்னார். 'இரவல். எட்டணா கடை.'

விஷயம் எங்கள் மூவருக்குத்தான் தெரியும். "வெளிய மூச்சு விட்டுறாதீங்க தம்பி. தெரிஞ்சா அரத்தை வச்சுத் தேய்ச்சிருவாளுக" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சட்டிகளும் ஒரே வாரத்தில் போன இடம் தெரியாமல் போயின. ஆடி முடிந்தது. ஐப்பசிக்கு இரண்டே மாதம். அண்ணாச்சி புரோட்டா வீசும்போதுகூடக் கண் வாறுகாலிலேயே இருந்தது.

ஆவணியில் ஸ்டோர் கீப்பர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். மண்டபத்துக்கு அண்ணாச்சியும் நானும் சேர்ந்துதான் போனோம். சீர்ப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்த மேடையைத் தாண்டும்போது அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அண்டா, குடம், குத்துவிளக்குக்கு நடுவில், ஒரே அளவில் ஆறு தூக்குச்சட்டி பளபளவென்று வரிசையாக நின்றன. வீட்டில் ஆறு பேர் முறை வைத்து ஆறு நாள் புரோட்டா தின்று சேர்த்த சீர்.

"தம்பி, யாரும் கவுத்திப் பாக்காம இருக்கணுமே" என்றார் அண்ணாச்சி.

சொல்லி வாய் மூடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சீர் பார்க்க வந்தார். சீர் பார்க்க வருகிற சம்பந்தியம்மாள் பாத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவது எங்கள் ஊர்களில் கிடையாது. கவிழ்த்துத்தான் பார்ப்பார். புதுசா, வீட்டில் புழங்கியதா, யார் பேர் வெட்டியிருக்கிறது என்பதெல்லாம் அடியில்தான் தெரியும். அந்த அம்மாள் முதல் சட்டியைக் கவிழ்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டி வாய்விட்டே படித்தார். இரண்டாவதைக் கவிழ்த்தார். ஆறையும் கவிழ்த்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, சீருக்கே இரவல் வாங்கி வைக்கிறது எந்த ஊரு வழக்கம்?"

ஸ்டோர் கீப்பரின் இஸ்திரிச் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணாச்சி மட்டும் அப்போது பேசாமல் இருந்திருந்தால் போதும், ரெண்டு கவருக்கும் வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்ந்திருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார்.

"தாயி, அது நான் வெட்டச் சொன்னதுதான். எட்டணா கடை நம்ம கடை. இந்த ஆறு சட்டியும் என் சீரு." அந்த அம்மாள் குழப்பத்தோடு பார்க்க, இவர் நிதானமாக மேலே போனார். "பொண்ணு எங்க தெருப் புள்ள. ஒரேயடியாத் தூக்கிக் குடுத்துற மனசு வரல. அதான் இரவலா அனுப்புதோம். தலைப்பிரசவத்துக்கு நாங்க வந்து கேக்கும்போது மறுக்காமத் திருப்பி அனுப்பணும். மறந்துறக் கூடாதுல்லா, அதான் பாத்திரத்துலயே எழுதிட்டேன்."

அந்த அம்மாள் கையிலிருந்த சட்டியை இன்னொரு தடவை கவிழ்த்துப் படித்தார். பிறகு மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

"புள்ளைய அனுப்பி வைக்கோம். சட்டியத் தர மாட்டோம்."

"சட்டி உங்களுக்குத்தான் தாயி" என்றார் அண்ணாச்சி. நாதஸ்வரம் மறுபடியும் ஆரம்பித்தது. ஸ்டோர் கீப்பர் அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஊருக்குள் ரகசியம் எத்தனை நேரம் நிற்கும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. பந்தி முடிந்து நாங்கள் திரும்பும்போது வீட்டுக்கு வீடு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் கடைப் படியில் சட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொண்டுவந்து வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. முன்பணத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை. முதல் தடவை போன பேர் வெட்டாத சட்டிகளும் வந்திருந்தன. அண்ணாச்சி வாங்கவே வாங்காத சட்டி இரண்டும் அதில் இருந்தன. ஒன்றில் யாரோ ஓர் அம்மாளின் பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை வாசலில் முதல் ஆளாக ஸ்டோர் கீப்பர் நின்றார். கையில் சொந்தத் தூக்குச்சட்டி. பக்கவாட்டில், தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்கு, இனிஷியலோடு அவர் பேர்.

"கவர் போடட்டுமா சார்?" என்று அண்ணாச்சி சும்மா ஒரு வார்த்தை கேட்டார்.

"கவரா? எனக்கா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். "நம்ம சட்டி, நம்ம பேரு. ஊத்தும்வே."

கௌரவம் அப்படியே கவரிலிருந்து இறங்கிச் சட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யார் சட்டி பெரிசு, யார் பேர் பெரிசு என்று போட்டி வந்தது. ஒரு வாத்தியார் படித்த படிப்பையும் சேர்த்து வெட்டிக்கொண்டார். நாலு மணிக்கே சட்டிகள் வந்து வரிசை பிடித்துக்கொள்ளும், ஆட்கள் ஐந்து மணிக்கு வருவார்கள். நானும் ஒன்று வாங்கிப் பேர் வெட்டி, மாடியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கினேன். ஒருநாள் கான்சாபுரத்துக்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல் கவர் கேட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவரே இரவல் சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் அதைத் திருப்பித் தருவதற்கென்றே பஸ் ஏறி வந்தார். கவர்க் கட்டு ஆணியில் தொங்கித் தூசி பிடித்தது. வியாபாரம் படுத்துவிட்ட அந்தக் கவர்களை அண்ணாச்சி தினமும் ஆசையாகப் பார்ப்பார்.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. முதல் நாள், இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் கிழிந்துகொண்டு ஊற்றியது. கடையில் உட்கார இடமில்லை. சாப்பிட வந்த மாதிரி எல்லோரும் பாவனை செய்தார்கள், ஒருவர் கண்ணும் இலையில் இல்லை. மதினி மைதா மூட்டையைப் பெஞ்சில் ஏற்றி, டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். தண்ணீர் முதல் படியைத் தொட்டது. இரண்டாவது படிக்கு ஏறியது. அங்கேயே சுழன்றுகொண்டு நின்றது.

அண்ணாச்சி ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கினார். வாறுகால் ஓரத்தில் போய் நின்றார். சருகு வந்தது, தேங்காய்ச் சிரட்டை வந்தது, ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது. பச்சை நூல் வரவில்லை. செத்த நேரம் கழித்து இரண்டாவது படி வெளியே தெரிந்தது. பிறகு முதல் படி. தண்ணீர் மளமளவென்று ஓடையைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. கடைக்குள் கைத்தட்டல் எழுந்தது. ஆரம்பித்தது ஸ்டோர் கீப்பர்தான்.

மதினி குடையோடு போனார். "போதும், உள்ள வாங்க. கல்லு காயுது."

"செத்த இருடி. போகுது பாரு. எம்புட்டு அழகாப் போகுது பாரு."

மதினி திரும்பி வரவில்லை. குடையை அண்ணாச்சி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தானும் பார்த்தார். "எங்கண்ணனுக்கு வேற ஆளு பாத்துக்கிடச் சொல்லி எழுதிருதேன்" என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அண்ணாச்சி சாக்கின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். குற்றாலத்தில் அருவி கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன், கன்னியாகுமரியில் கடலைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாயங்காலம் அந்த மனிதர் ஒரு வாறுகால் தண்ணீரைப் பார்த்தாரே, அப்படி நான் எதையும் பார்த்ததில்லை, அன்றைக்கு அவரைப் பார்த்ததைத் தவிர.