பந்து டாக்டரும் எங்கள் ஒரே கூடையும்

யூனிவர்சிட்டிப் பெண்களின் கூடைப்பந்து டீமுக்கு யாராவது சரித்திரம் எழுதினால் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுவிடுவார்கள். பந்து டாக்டரையும் விட்டுவிடுவார்கள். அதனால் நான் எழுதுகிறேன். எந்த நோய்க்கும் பந்தை எடுத்து நீட்டின டாக்டர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

படித்த டாக்டர் இல்லை. மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவர். யாழ்ப்பாணத்து ஆள். மடக்கின குடைக்குக் கால்சட்டை போட்டது மாதிரி இருப்பார். கழுத்தில் விசில். அடுத்த நோயாளியைக் கூப்பிட அதைத்தான் ஊதுவார். காய்ச்சலோடு வந்தவர்கள் பாதிப்பேர் அந்தச் சத்தத்திலேயே வேர்த்துச் சுகமானார்கள்.

அவருடைய அக்கா மகள் யூனிவர்சிட்டியில் படித்தாள். அங்கே அப்போதுதான் பெண்களுக்கு ஒரு டீம் தொடங்கியிருந்தார்கள். அவளைப் பார்க்கப் போன மனுசன், அவள் விளையாடுவதையும் பார்த்துவிட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு பந்து. அதோடு போச்சு.

டிஸ்பென்சரி முற்றத்தில் இந்தக் கோடியில் ஒரு கம்பம், அந்தக் கோடியில் ஒரு கம்பம். இரண்டின் உச்சியிலும் கொழுந்துக் கூடையைக் கட்டினார். அடியை வெட்டினால்தான் பந்து கீழே வரும். தோட்டத்துச் சாமானை வெட்டக் கூடாது என்று கணக்கப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றார். பந்து விழுந்தால் ஏணி போட்டு எடுத்தோம். கடைசியில் ஐப்பசி மழைதான் அடியை அறுத்துக் கொடுத்தது.

டீமுக்கு ஆள் சேர்த்த விதம் இப்படி. என்னோடு கொழுந்து எடுக்கிற சின்னக்கண்ணு அக்கா ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள்.

"என்ன பிள்ளை, எங்கை நோகுது?"

"இடுப்புங்க ஐயா. இன்னைக்கு வேலைக்கு வர முடியாதுன்னு ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா…"

"இந்தா பந்து. எறி."

"இடுப்புங்க ஐயா!"

"ஓம், விளங்குது. நல்லா வளைஞ்சு எறி."

நான் பல்வலியோடு போனேன். என்னை நடுவில் நிற்கச் சொன்னார். இருமல்காரி ஒருத்தி, ஒற்றைத் தலைவலிக்காரி ஒருத்தி. எல்லாருமாய் டீம்.

முகத்துக்கு நேரே கூடை இருந்தால் எங்களுக்குக் கை வரவில்லை. கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலால் முதுகுக் கூடையில் போட்டுப் பழகின கை. திரும்பி நின்று பின்னால் எறிந்தோம். "முன்னுக்குப் பாத்து எறியுங்கோ, விசரியள்!" என்று தொண்டை கட்டும் வரை கத்தினார். பிறகு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளையாடுவோம். தலையில் கூடைக் கயிறு இல்லை. முதுகில் பாரம் இல்லை. ஓடலாம். ஓடி எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. கைப்பிள்ளையைப் புருசன் வைத்திருப்பான். டாக்டர் சொன்ன மருந்தாச்சே, என்ன பேசுவான்?

எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணிக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துத் துரையிடம் போனார். "நோவுன்னு துண்டு கேக்கிறவளுக அங்க குதிக்கிறாளுக. குதிக்கிறவளுக்கு என்னங்க தொரை நோவு?"

துரை வந்தார். டாக்டர் பயத்தில் வாய்விட்டுவிட்டார். யூனிவர்சிட்டி டீம் எங்களோடு மோத வருகிறது என்றார். அதுவரை அவர்களுக்கே அது தெரியாது.

துரைக்குச் சிரிப்பு. தன் தமிழில் சொன்னார்: "சரி, வரட்டும். நம்ம ஆளு ஒரு கூடை போடணும். ஒண்ணும் விழலே, கம்பம் வெட்டு."

டாக்டர் மருமகளுக்குத் தந்தி அடித்தார். எதிர்த்து ஆட ஆள் கிடைக்காமல் அலைந்த புது டீம். சுற்றுலாச் சாக்கில் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். அரைக் கால்சட்டை. நாங்கள் குடியிருந்த லயத்து ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். நாங்கள் நன்றாகவே பார்த்தோம்.

ஆட்டம் தொடங்கியது. விசில் டாக்டரிடம். அவர்கள் பந்தோடு வந்தார்கள். நாங்கள் விலகி நின்றோம். மறுபடி வந்தார்கள். மறுபடி விலகினோம்.

"மறியுங்கோ! ஏன் விலத்துறியள்?"

"பாரத்தோட வாராங்கல்ல ஐயா," என்றாள் சின்னக்கண்ணு அக்கா.

ஒற்றையடிப் பாதையில் நிறைகூடையோடு வருகிறவளுக்கு வழி விட வேண்டும். அது எங்கள் காலில் ஊறினது. கால் கேட்கவில்லை. பாதி ஆட்டத்துக்குள் அவர்கள் கூடை கூடையாய்ப் போட்டார்கள். நாங்கள் ஒன்றும் இல்லை. கங்காணி ஒரு கத்தியைக் கொண்டுவந்து கம்பத்தில் சாத்தி வைத்தார்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு டீமும் பக்கம் மாற வேண்டுமாம். டாக்டர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கே மறந்துவிட்டது. சொல்லியிருந்தாலும் மாறியிருக்க மாட்டோம். காலையில் கொடுத்த தேயிலை நிரை, கொழுந்து நிறுக்கிற வரை நம் நிரை. அடுத்தவள் நிரையில் கால் வைத்தால் அடிதடிதான்.

சின்னக்கண்ணு அக்கா முதல் பாதியில் நாங்கள் எறிந்த கூடைக்குக் கீழேயே நின்றாள். பக்கம் மாறி வந்த அவர்களும் இப்போது அங்கேதான் எறிந்தார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டு அவள் கைக்கு வந்தது. கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், திரும்பியே பார்க்கவில்லை. தோளுக்கு மேலால் போட்டாள். கொழுந்து விழுகிற மாதிரி விழுந்தது.

டாக்டர் ஊதினார். மூச்சு முட்ட ஊதினார். லயமே கத்தியது. மருமகள் ஓடி வந்தாள்.

"மாமா, இப்ப அது எங்கடை கூடை. கணக்கு எங்களுக்குத்தான்."

டாக்டரின் முகம் வெளுத்தது. விசில் வாயிலிருந்து விழுந்தது. துரை எழுந்தார்.

"என்னா? கூடை விழுந்தா?"

டாக்டர் விசிலைத் துடைக்கத் தொடங்கினார். பெரிய கங்காணி முன்னே வந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"விழுந்துச்சுங்க தொரை. நம்ம புள்ளதாங்க போட்டுச்சு. என் கண்ணால பாத்தேன்."

ஒரு சொல் பொய் இல்லை. துரை மருமகளைப் பார்த்தார். அவள் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். என்னவென்று தெரியாது. துரை சிரித்தார். கங்காணி கத்தியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

ஆட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த கணக்கு சைபர். கம்பம் நின்றது.

பிறகு மூன்று நான்கு வருசம் ஞாயிறுதோறும் ஓடினோம். வெளியாட்களோடு ஆடி ஒரு தடவை கூட ஜெயிக்கவில்லை. டாக்டருக்கு அது நோயாகவே தெரியவில்லை.

பிறகு அவருக்கு வயதாகிவிட்டது என்று ஊருக்கு அனுப்பினார்கள். அவர் போன அன்று நாங்கள் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கீழே பெரகல ரோட்டில் அவரை ஏற்றின லொறி வளைந்து வளைந்து ஏறியது. பின்னால் சாமான்மேல் ஒரு குடை தெரிந்தது. அவர்தானா, குடைதானா, தெரியவில்லை. கை நின்றுவிட்டது. எல்லாருக்கும்.

கங்காணி ஏசவில்லை. லொறி மறைகிற வரை அவரும் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.