வடிகட்டிய கடல்

‘நான் பார்த்துட்டேன், ஒண்ணும் இல்லை’ என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்கூட்டர் நின்றுவிட்டால் குனிந்து பார்த்து ஒண்ணும் இல்லை என்பார். பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் நாக்கை நீட்டச் சொல்லி ஒண்ணும் இல்லை என்பார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தால் அதையும் வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, டாக்டர் வாய் திறப்பதற்குள் ஒண்ணும் இல்லை என்பார். அவர் கண்ணுக்குத் தப்பி உலகத்தில் ஏதாவது இருந்துவிட முடியுமா?

ஆவடி ஃபாக்டரியில் நட்டு போல்ட்டுகளைப் பார்த்துச் சாக்பீஸால் டிக் போடும் நாகப்பன் இந்த ரகத்தில் முதல் தரம். அவர் மகள் வசந்தகுமாரி விலங்கியல் முடித்துவிட்டு, பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்துக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்றாள். மீனைப் பற்றிக்கூட இல்லை. கரையோரத் தண்ணீரில் கணக்கில்லாமல் நீந்துகிற, கடுகைவிடச் சின்னப் பிராணிகளைப் பற்றி. மீன்குஞ்சுக்கு அதுதான் சோறாம்.

“முப்பது வருசமா மெரினாவுல கால் நனைக்கிறேன். ஒண்ணுகூட கண்ல படலியே? இல்லாதத படிக்க இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம்?”

“காட்டினா அனுப்புவியா நைனா?”

“காட்டு, பாக்கலாம்.”

சனிக்கிழமை அவள் மெரினாவிலிருந்து ஐந்து லிட்டர் கேன் நிறையக் கடல்நீரைப் பஸ்ஸிலும் ரயிலிலும் சுமந்து வந்தாள். கல்லூரியில் கெஞ்சி வாங்கிய மைக்ராஸ்கோப் மேஜைமேல் தயாராக இருந்தது. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் நாகப்பன் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரே தூசி. பெற்ற பெண் படிக்கப்போகும் தண்ணீர் இப்படியா இருப்பது? குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீருக்கு அன்றாடம் செய்கிற மரியாதையை இதற்கும் செய்தார். நாலாய் மடித்த பழைய வேட்டித் துண்டில் மொத்தத்தையும் வடிகட்டினார்.

வசந்தகுமாரி சொட்டுச் சொட்டாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. பரங்கிப்பேட்டை கைவிட்டுப் போவது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

“நான்தான் சொன்னேனே,” என்றார் நாகப்பன், நிஜமான வருத்தத்துடன்.

“தண்ணி இன்னா நைனா இப்டி பளபளன்னு கீது?”

“தூசியா இருந்திச்சி. உனுக்காகத்தான் வடிகட்டினேன்.”

அவள் அழவில்லை. ஈரம் காயாமல் கொடியில் தொங்கிய துண்டை எடுத்து, ஒரு கிண்ணம் கடல்நீரில் அலசி, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தாள். “இப்போ பாரு.”

நாகப்பன் பார்த்தார். கால், மீசை, நெற்றி நடுவே ஒற்றைக் கண். காலை ஏழரை ரயில் மாதிரி அத்தனை நெரிசல். வெகுநேரம் அவர் தலையைத் தூக்கவில்லை.

“பரங்கிப்பேட்டைக்கு எங்கம்மா பஸ் ஏறணும்?” என்றார்.

ஜெயித்தது மகள் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் குவார்ட்டர்ஸ் முழுக்க நாகப்பன் பேச்சுத்தான்: “நான் மட்டும் வடிகட்டலேன்னா, அது யார் கண்லயாவது பட்டிருக்குமா?”

போகட்டும். இந்தக் குணம் உங்களிடமும் துளி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பார்த்துவிட்டீர்களா? ஒன்றும் இல்லையா?

சரிதான்.