அப்பவே சொன்ன மாஸ்டரும் டோரீன் டீச்சரின் சிவப்புத் தங்கமும்

அப்பவே சொன்னவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பஸ் பழுதானாலும், மழை கொட்டினாலும், கொட்டாமல் ஏமாற்றினாலும், கல்யாணம் நடந்தாலும், நின்றுபோனாலும், எல்லாம் முடிந்த பிறகு மஃப்ளரை இறுக்கிக்கொண்டு வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேனே!" என்பார்கள். எப்போது சொன்னார்கள்? யாரிடம்? கேட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்பதையும் அப்பவே சொல்லியிருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்து ஹட்டன் பள்ளிக்கூடமொன்றில் புவியியல் கற்பித்த அலோசியஸ் மாஸ்டர் இவர்களில் முதல்தரம். அங்கே விஞ்ஞானம் கற்பித்தவள் டோரீன் டீச்சர். பாவம், கண்காட்சியில் தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டுவதாக ஏற்றுக்கொண்டாள். அப்படி மிதக்கும் தங்கம் மஞ்சளாக இருக்காது. பால் விடாத பிளேன்டீ மாதிரிச் சிவந்திருக்கும். தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, டிஸ்பென்சரியில் புண் கழுவும் மருந்திலுள்ள நேர் மின்னேற்றமுள்ள சவர்க்காரத்தை, அதாவது ஒருவகைச் சோப்பை, கரைத்துச் சேர்க்க வேண்டும். அது ஒவ்வொரு தூளுக்கும் கம்பளி போர்த்திவிடும். ஆனால் மலைக்குளிர் பட்டால் சவர்க்காரமே ஊசி ஊசியாக உறைந்துவிடும். தங்கத் தூள் செய்யக் கையிலிருந்த தங்க உப்பு ஒரு தடவைக்குத்தான் போதும். சொதப்பினால் விஞ்ஞான அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கக் கொடுத்துவிடுவதாக வட்டாரக் கல்வி அதிகாரி சொல்லியிருந்தார்.

கண்காட்சியன்று காலை குடுவை சிவந்தது. டோரீன் குதிக்காத குறை. அதை வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கிவிட்டு, அதிகாரியை வரவேற்க வாசலுக்கு ஓடினாள்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அடடா, இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியலையே! சூட்டுல தங்கம் உருகிப் போயிருமே!" குடுவையைத் தூக்கித் திறந்த ஜன்னலில் வைத்தார். மூடுபனி ஜம்மென்று உள்ளே வந்தது.

அதிகாரி வந்தபோது குடுவையின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள்.

"நான் அப்பவே சொன்னேனுங்க சார், சோப்புப் போட்டா வெளங்காதுன்னு," என்றார் மாஸ்டர்.

அதிகாரியின் கண் கதவுப் பூட்டுக்குப் போனது. டோரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குடுவையைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

"யாரு மாஸ்டர் இதை வெளிய எடுத்தது?"

மாஸ்டர் கூரையை ஆராய்ந்தார்.

அவள் குடுவையை மறுபடி வெந்நீரில் இறக்கி மெல்லச் சுழற்றினாள். ஊசிகள் கரைந்தன. தெளிந்த சிவப்பு தகதகத்தது.

"அட! அறை உங்களுக்கே இருக்கட்டும் டீச்சர்," என்றார் அதிகாரி.

மாஸ்டரின் மஃப்ளர் இறுகியது. "நான் அப்பவே சொன்னேனுங்களே, சூடு காட்டணும்னு!"

சிரிக்கிறீர்கள். மாஸ்டர் குடுவையில் கை வைத்தபோதே இப்படித்தான் ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ? அதைப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாய் துறுதுறுக்கிறதா? எதற்கும் கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மஃப்ளர் தட்டுப்படும்.