இரண்டு கட்டங்களுக்கு நடுவில் போன விரல்

படக்கதை படிக்கிறவன் கெட்டுப்போவான் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசும் யோக்கியதை எனக்கு இல்லை. படித்த நான் கெட்டுப்போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் கால்தான் கெட்டுப்போனது.

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவின் இடது காலில் நாலு விரல்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றது எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருக்கிறார். பெரியவளிடம் முதலை தின்றது என்றார். நடுவுள்ளவனிடம் மரம் விழுந்தது என்றார். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, தினமும் ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய், ஒரு பட்டறையில் படகு இஞ்சின் கழுவிக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் கப்பல் வந்தால் ஊரே கடிதம் வந்ததா, வெங்காயம் வந்ததா என்று பார்க்கும். நாங்கள் மூன்று பேர் படக்கதை வந்ததா என்று பார்ப்போம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வரைந்த கதைகளைத் தமிழாக்கி மெட்ராஸில் அச்சடிப்பார்கள். எங்கள் கடைக்கு ஒரு பிரதி வரும். அது கிழியும்வரை படித்து, கிழிந்த பிறகு அதைப் பற்றி அடுத்த கப்பல் வரும்வரை சண்டை போடுவோம்.

மூன்று பேரில் அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரத்துக்காரன், மீன்பிடி. பிஷு வங்காளிக் குடியேற்றத்துப் பையன், ஃபெர்ரியில் கயிறு கட்டும் வேலை. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படத்தை மட்டும் பார்ப்பான். (நாங்கள் படித்து முடிப்பதற்குள் அவன் பார்த்து முடித்துவிடுவான்.)

நாயகர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்திருந்தோம். அமெரிக்கக் குதிரைக்காரன் 'தொப்பி'. ஐரோப்பியத் துப்பறிவாளர் 'கண்ணாடி'. நான் தொப்பி கட்சி. தொப்பி யோசிக்க மாட்டான். சுடுவான், பாய்வான், அடுத்த ஊருக்குப் போவான். அந்தோணி கண்ணாடி கட்சி. கண்ணாடியோ முப்பது பக்கம் காப்பி குடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"ஒங்க கண்ணாடி குற்றவாளியப் பிடிக்கிறதுக்குள்ள அவன் வயசாகிச் செத்துருவான்டா" என்பேன்.

"லே, ஒன் தொப்பிக்கு நேத்து தோள்ல குண்டு. இன்னிக்கு அதே கையால மல்யுத்தம் பண்ணுதான். எங்க ஆளு படியில விழுந்தா புத்தகம் முடியுற வரைக்கும் நொண்டுவாரு. அதாம்ல கதை" என்பான் அந்தோணி.

நொண்டுவதில் என்ன கதை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

உங்கள் தாத்தா அப்போது மரக் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. காட்டிலிருந்து வரும் பெரிய மரங்களைக் கடற்கழித் தண்ணீரில் உருட்டி இறக்கி, மிதக்கும் மரத்தின் மேல் வெறுங்காலோடு நின்று, கடப்பாரையால் தள்ளிக் கட்டுவார்கள். விரல்களால் மரத்தைக் கவ்வி நிற்க வேண்டும். அவர் நிற்பதைப் பார்த்தால் மரத்திலேயே முளைத்தவர் போல இருக்கும். நானும் அவரும் ராமநாதபுரம் ஜில்லா. அந்த உரிமையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். (உங்கள் அம்மா அந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.)

மழைக்காலத்து ஞாயிறு. அதற்கு முந்தைய வாரம் வந்த தொப்பி புத்தகம் என் சட்டைக்குள் இருந்தது. அதில் நண்பனைப் பாம்பு கடிக்கும். தொப்பி தன் கழுத்திலிருக்கும் சிவப்புக் கைக்குட்டையை அவிழ்த்து இறுக்கிக் கட்டி, கத்தியால் கீறி, விஷத்தை உறிஞ்சித் துப்பி, தோட்டா மருந்தைத் தூவிப் பற்றவைப்பான். அடுத்த கட்டத்தில் நண்பன் குதிரை மேல் இருப்பான். இப்படி எனக்கு ஒரு சந்தர்ப்பம் வராதா என்று வாரம் முழுக்க ஏங்கியிருந்தேன்.

வந்தது. விறகு எடுக்கப் போன மேஸ்திரி "ஸ்ஸ்" என்று காலை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அசையாதீங்க மேஸ்திரி" என்றேன். தொப்பி அப்படித்தான் ஆரம்பிப்பான்.

"பூரான்தான் தம்பி. கொஞ்ச நேரம் உயிர் போகும், அப்புறம் விட்டுரும்."

உங்கள் அம்மா அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்து வந்தாள். "இதுல கால வைங்கப்பா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"வெந்நீர் கூடாது" என்றேன். "சூடு பட்டா விஷம் தலைக்கு ஓடும்." இதை எங்கே படித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இது அந்தமான் பூரான். நம்ம ஊர்ப் பூரான் இல்ல."

மேஸ்திரி வலியில் இருந்தார். வலியில் இருப்பவர், நிச்சயமாகப் பேசுகிறவனை நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்காது.

பையில் சைக்கிள் டியூப் துண்டு இருந்தது. விரலின் அடியில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கத்தியும் இருந்தது, காலையில் தூண்டிலுக்கு மீன் நறுக்கிய கத்தி. வேட்டியில் துடைத்துவிட்டுக் கீறினேன். படத்தில் அது ஒரு சின்னக் கோடு. நான் கீறியது எலும்புவரை போனது. உறிஞ்சித் துப்பினேன். இரண்டாம் தடவை உறிஞ்சும்போது, புத்தகத்தில் இல்லாத ஒன்று நடந்தது. எனக்கு மயக்கம் வந்தது.

முகத்தில் தண்ணீர் விழுந்து விழித்தேன். உங்கள் அம்மா பச்சைத் தண்ணீர்தான் ஊற்றினாள். வெந்நீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். தோட்டா மருந்து பாக்கி இருந்ததே. தீக்குச்சித் தலைகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவள் தீப்பெட்டியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டாள்.

"எங்கப்பா என்ன அடுப்பா?" என்றாள். அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

சிவப்புத் துணி ஒன்றைக் காலில் சுற்றினேன். பூரான் கடிக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை. என் கத்திக்குத் தேவைப்பட்டது. அந்தோணியைக் கூப்பிட்டு, இருவருமாக மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு வந்தோம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. சாலையில் சுற்றிப் போக வண்டியும் கிடைக்கவில்லை. மேஸ்திரியைத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்துக் காத்திருந்தோம். அங்கே பிஷுவும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

காத்திருந்த நேரத்தில் நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சண்டை போட்டோம்.

"யார்லே ஒன்ன வெட்டச் சொன்னது?" என்றான் அந்தோணி.

புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். "பாரு. கடிச்சது, கட்டுனது, கீறுனது. அடுத்த கட்டத்துல குதிரை ஏறிட்டான்."

"நடுவுல என்ன ஆச்சுன்னு எங்க வரஞ்சிருக்கான்?"

"நடுவுல ஒண்ணும் இல்லடா. வெள்ளைக் கோடுதான் இருக்கு."

"அந்தக் கோட்டுக்குள்ள ஒரு மாசம் இருக்கும்ல மடையா. எங்க கண்ணாடி கதையில இதே கடிக்கு ஆறு பக்கம் ஆஸ்பத்திரி."

"ஆறு பக்கமும் காப்பிதான் குடிப்பார்."

மேஸ்திரி நடுவில் ஒரு தடவை கூப்பிட்டார். "தம்பி, விரலு மரத்துப் போச்சு."

"நல்லது மேஸ்திரி. வலி விட்டுருச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, ஐரோப்பாக்காரர்களுக்குக் குதிரை வரையத் தெரியாது என்பதை நிரூபிக்கத் திரும்பினேன். மழை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டது. நாங்கள் விடவில்லை.

பிஷு புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கேட்டான்: "பாய், யே தேகோ, இதப் பாரு. இந்தக் கட்டத்துல ரூமால், அந்தக் கைக்குட்டை, கால்ல இருக்கு. அடுத்த கட்டத்துல ரூமால் அவன் கழுத்துக்கே வந்துருச்சு."

"அதுக்கென்ன?"

"அப்ப நடுவுல அவுத்துட்டான், இல்லியா? நீ அவுத்தியா?"

எத்தனையோ தடவை படித்த பக்கம். நான் எழுத்தைத்தான் பார்த்திருந்தேன். சிவப்புத் துணியைப் பிரித்தேன். டியூப் துண்டு கட்டியது கட்டியபடி சதைக்குள் புதைந்திருந்தது. அதற்குமேல் இருந்த விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அந்தோணி குனிந்து டியூபை அறுத்து எடுத்தான்.

கடல் அடங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். "கிஸ்னே பாந்தா?" என்றார். கட்டியது யார் என்று கேட்கிறார்.

நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "அமெரிக்கா கா டாக்டர், சாப்."

விரலை எடுத்தார்கள். அத்தோடு முடியவில்லை. மீன் கத்தியின் அழுக்கு காலுக்குள் ஏறி, முழங்கால்வரை வீங்கி, காய்ச்சலில் அவர் மெலிந்து போனார். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். உங்கள் அம்மா வராந்தாவில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்க்கவே இல்லை. தொப்பி புத்தகத்தை வராந்தாக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கால் தப்பியது. வேலை தப்பவில்லை. விரல் போன காலால் மிதக்கும் மரத்தில் நிற்க முடியவில்லை. ஒரு தடவை முயன்று தண்ணீரில் விழுந்தார். எடுபிடிகள் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு அந்தக் கான்ட்ராக்டரின் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு நாள் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு அந்தக் கேட் வழியே தலைகுனிந்து திரும்பிய என்னைக் கூப்பிட்டார். (அவர் வீட்டுக்குத் தண்ணீரும் விறகும் அப்போது நான்தான்.) ஸ்டூலுக்கு அடியிலிருந்து தொப்பி புத்தகத்தை எடுத்தார். குப்பைத் தொட்டியிலிருந்து ஆள் விட்டு எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

"எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிச்சுட்டேன் தம்பி. படம் நல்லா போட்டிருக்கான். ஆனா இவன் ஒரு கட்டத்துலயும் சோறு திங்கல, மூத்திரம் போகல, லீவு எழுதிக் குடுக்கல. இவனை நம்பியா என் காலக் குடுத்தேன்?"

காலி வாளியை இறக்கி வைத்தேன்.

"அந்த மீன்காரப் பய ஒரு நொண்டி கதை சொன்னானே. அதைக் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி நொண்டும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இவன் நம்ம ஆளு" என்றார். அன்றிலிருந்து ஜெட்டியில் எங்கள் கூட்டம் நாலு பேர். கண்ணாடி கட்சிக்கு ஆள் கூடியது. என் கட்சியில் நானும் இல்லை.

அவர் ஏன் எனக்குப் பெண் கொடுத்தார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வெளிய விட்டா இன்னும் யாரையாவது வெட்டிருவ" என்றார். உங்கள் அம்மா சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. அதனால்தான் நம் வீட்டில் உங்களுக்கு முட்டி சிராய்த்தாலும் "அப்பாகிட்ட காட்டாத" என்கிறாள். டிஞ்சர் பாட்டில் நான் எட்டாத இடத்தில் இருக்கிறது. எனக்குத் தலைவலி என்றால்கூட "அமெரிக்கா டாக்டருக்கே தலைவலியா?" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள்.

போன வாரம் சின்னவன் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து, முதலையும் இல்லாமல் மரமும் இல்லாமல் உண்மையைச் சொல்லச் சொன்னான். அவர் பழைய புத்தகத்தை விரித்து, ஒட்டுப்போட்ட அந்தப் பக்கத்தில், கீறும் கட்டத்துக்கும் குதிரைக் கட்டத்துக்கும் நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் நகத்தை வைத்தார்.

"இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். "உங்கப்பனுக்குத் தெரியாது. நீ நல்லாப் பாரு."

சின்னவன் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.