ஓலைக்கு நான் சொன்ன தடை

அரைகுறையாகக் கற்றதை வருங்கால மாமனாரிடம் காட்டக் கூடாது. முழுதாகக் கற்றபின் காட்டலாமா என்று கேட்காதீர்கள். அந்த நிலையை நான் இன்னும் எட்டவில்லை.

நாகர்கோவிலில் பெர்ல் என்ற கணினி மொழி படிக்கத் தொடங்கி மூன்று வாரம். ஜெசியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அப்பா சபைச் செயலாளர். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் மணமக்கள் பெயரைச் சொல்லி, "தடை உண்டா?" என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். அந்தப் பட்டியலை அவர் கையால் எழுதுவார்.

"கம்ப்யூட்டர் எதுக்கு மாமா இருக்கு?" என்று பாய்ந்தேன். (யாரும் கேட்கவில்லை.)

பெயர்களை வரிசையாக நிறுத்திவைக்கும் இடத்துக்கு அரே என்று பெயர். மாப்பிள்ளைகள் ஐவர் ஓர் அரேயில், பெண்கள் ஐவர் இன்னொன்றில். ஜோடி சேர்த்து அச்சடித்தேன். கடைசி ஜோடி நாங்கள். தாளைப் படித்துப் பார்க்கவில்லை. (மிஷின் தப்புப் பண்ணுமா?)

அந்த ஞாயிறு வாசித்தவர் எங்கள் போதகருக்குப் பதிலாக முட்டத்திலிருந்து வந்த போதகர். எங்களில் யாரையும் அறியாதவர். முதல் ஜோடியிலேயே சபையில் சலசலப்பு. என் கணினிப் பட்டியலை மெச்சுகிறார்கள் என்று நெளிந்துகொண்டு இருந்தேன். நான்காவதாக, "கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலைபார்க்கும் தங்கராஜுக்கும் ஜெசிக்கும்... தடை உண்டா?"

"உண்டு!" எழுந்துவிட்டேன்.

"என்ன தடை தம்பி?"

"அவ எனக்குள்ளவ போதகரே!"

பின்வரிசையிலிருந்து தங்கராஜ் அலறினான்: "நான் ஒண்ணும் செய்யல்ல மக்கா!"

ஐந்தாவதாக என் பெயர் வந்தது. பக்கத்தில் வெற்றிடம். போதகர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெண்ணைத் தேடினார்.

மத்தியானம் சபை அலுவலகத்தில் மாமா என் தலைக்குமேல் நின்றார். "எம்மவ ஒம்ம பேருக்கு நேரா வரல்லேன்னா கல்யாணமே கெடையாது, பாத்துக்கிடும்."

வியர்த்தபடி ஒவ்வொரு வரியாகத் தேடினேன். பெண்கள் அரேயில் முதல் பெயர் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, 'ஷிஃப்ட்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அது முதல் பெயரைக் காட்டும். காட்டிய கையோடு வரிசையிலிருந்து எடுத்தும்விடும். மிச்சப் பெண்கள் ஆளுக்கொரு இடம் முன்னே நகர்ந்திருந்தார்கள். விளக்கினேன்.

"ஒரு பிள்ளையப் பாக்கணும்னா பாத்துட்டு வரணும்லா? கூட்டிட்டா போவிய?"

அந்த வரியை அழித்து மறுபடி அச்சடித்தேன். ஜெசி என் பக்கத்தில் வந்தாள். மாமா விரல்வைத்து இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்து, பேனாவை எடுத்துக் கையாலேயே புதுப் பட்டியல் எழுதினார்.

கல்யாணம் நடந்தது. தங்கராஜ்தான் மாப்பிள்ளைத் தோழன். ஆனாலும் வெயில் காலத்தில் கரண்டு போகும்போதெல்லாம் விருந்தாளிகள் முன்னால் ஜெசி தொடங்கிவிடுகிறாள்: "இவிய மட்டும் அன்னைக்கு வாயப் பொத்திட்டு இருந்திருந்தா, நான் இப்போ கீரிப்பாறை மலையில குளுகுளுன்னு இருந்திருப்பேன்."